பதின்மூன்றாம் தேதி ஜலதோஷம்

கம்ப்யூட்டர் தெரிந்தவர் ஒரு ரகம், தெரியாதவர் ஒரு ரகம். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு, அதுதான் ‘சிஸ்டம் தெரிந்தவர்’! நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோலாலம்பூரில் மூன்று நாள் கோர்ஸ் போய்விட்டு வந்திருப்பார். நான்காம் நாளிலிருந்து அவருக்கு நடை வேறு, இருமல் வேறு.

எண்பத்தைந்தில், பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அந்தப் பதவியை வகித்தவர் லியோனார்ட் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. ஆபீசுக்கு யார் வந்தாலும், உரம் இறக்க வந்த லோரிக்காரனே ஆனாலும், பூட்டிய அலமாரியிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பும் டாஸ் டிஸ்கை எடுத்து, ஊதி, தல வரலாற்றைத் தொடங்கிவிடுவார்.

“மெஷினு வெறும் ஆளுதான்லா. தொரை பேச்சு அதுக்கு எங்க புரியும்? நடுவுல ஒரு கங்காணி வேணும். அந்தக் கங்காணிதான் டாஸ்! அமெரிக்காவுல ஒருத்தன் அவசரத்துல எழுதினான், இன்னொருத்தன் வாங்கினான், மூணாவது ஆளுக்குக் கொடுத்தான். இப்ப ஒலகமே காலையில பேரு குடுக்க அவன்கிட்டதான் பெரட்டுல நிக்குது!”

எல்லாம் சரி. இந்தக் கங்காணி தினமும் காலையில் எழுந்ததும் ‘இன்றைக்கு என்ன தேதி?’ என்று கேட்பான். கிராணி தட்டுவார். பன்னிரண்டாம் தேதி வரை வம்பில்லை. பதின்மூன்று பிறந்ததோ இல்லையோ, ‘செல்லாத தேதி’ என்று திரையில் இங்கிலீஷில் எழுதிவிட்டு மறுபடி கேட்பான். மாதாமாதம் இதே கூத்து! வேறு யாராக இருந்தாலும் திருதிருவென்று விழித்திருப்பார்கள். சிஸ்டம் தெரிந்தவர் விழிப்பாரா? “மலைக் குளிர்லா. மாசத்துல பன்னெண்டு நாளுக்கு மேல தாங்காது” என்று தீர்ப்புச் சொல்லி, மெஷினுக்குக் கம்பளி போர்த்தி, பக்கத்தில் பிளாஸ்க் நிறைய இஞ்சித் தேநீரும் வைத்தார். தேநீர் அவருக்கு.

மார்ச் பதினைந்தில் வினை வந்தது. நாலு மணிக்குள் கொழுந்து ரிப்போர்ட் வராவிட்டால் மெஷினை வேறு தோட்டத்துக்கு ஏற்றிவிடுவேன் என்று துரையே வாசலில் வந்து நின்றுவிட்டார். மெஷின் போனால் லியோனார்ட் பழையபடி வெறும் கிராணி. லோரிக்காரன்கூட நின்று கேட்கமாட்டான். இரண்டாவது கம்பளியைப் போர்த்தினார். செல்லாது! மாதாவை வேண்டினார். செல்லாது!

டைப்பிஸ்ட் அம்சவல்லி மெதுவாக வந்தாள். “ஐயா, அமெரிக்காக்காரன் மாசத்தத்தானே முன்னால எழுதுவான்? நீங்க தேதிய முன்னால போடுறீங்க. பதிமூணாவது மாசத்துக்கு அவன் எங்க போவான்?”

“ஒனக்கென்னம்மா தெரியும்? இது சிஸ்டம்!”

“சும்மா போட்டுப் பாப்போம்லா.”

மூன்று, பதினைந்து, எண்பத்தைந்து என்று தட்டினாள். மெஷின் சமர்த்தாக வழிவிட்டது. மூன்றரைக்கெல்லாம் ரிப்போர்ட் கடகடவென்று அச்சாகி வெளியே வர, ஆபீசே கைதட்டியது. கிராணி மெஷினைத் தடவிக் கொடுத்து, துரை பக்கம் திரும்பிப் பெருமூச்சு விட்டார்.

“ரெண்டு கம்பளி தேவைப்பட்டுச்சு, சார்!”

சிரிக்கிறீர்களாக்கும். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். போன வாரம் படம் ஆடிய டிவியின் மண்டையில் நீங்கள் இரண்டு தட்டுத் தட்டினீர்கள். அந்த நேரம் பார்த்து ஸ்டேஷன்காரன் கோளாறைச் சரிசெய்தான், படம் தெளிந்தது. அப்போது வீட்டாரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தீர்களே, அது யாருடைய பார்வை?