அனில் சாரும் என் நீலப் புள்ளியும்

அனில் சார் யாரென்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை. காலைக் காபியின்போதே முடிவு கட்டிவிட்டேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் என் ஜோக்குக்கு ஒரு தடவைகூடச் சிரிக்காத பத்மஜா, அந்தப் பேரில் வரும் மெசேஜைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் கிட்டே போனால் போனைக் கவிழ்த்து வைக்கிறாள். பொறாமைதான், ஒளிப்பானேன்.

நான் கழக்கூட்டம் ஏரியாவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி ஆள். கரமனைத் தெருவில் ஆசாரத்துக்கும் பேர்போனவன். முட்டை சேர்த்த கேக்கை வாசற்படி தாண்ட விடமாட்டேன்.

"பத்மா, காலம் கெட்டுக் கிடக்கு. கண்ட ஆப்பெல்லாம் மைக்கைத் திறந்து ஒட்டுக் கேக்கறது. போனைக் கொண்டா, பத்திரம் பண்ணித் தரேன்."

"பேஷாப் பண்ணுங்கோ," என்று பூட்டைத் திறந்தே கொடுத்தாள். பாவம், வெகுளி.

மெசேஜுக்கு மட்டும் தனிப் பூட்டு. திறக்கவில்லை. சரியென்று, அவள் போகுமிடம் என் போனில் நீலப் புள்ளியாகத் தெரியும்படி செய்தேன். யாருக்குக் காட்டலாம் என்று போன் கேட்டது. அவசரத்தில் 'குடும்பம்' என்பதை அமுக்கினேன்.

புதன்கிழமை மூன்று மணிக்குப் புள்ளி ஸ்ரீவராகத்தில் ஒரு மாடி வீட்டில் போய் நின்றது. போன புதனும் அதே வீடு. அரை நாள் லீவு போட்டு ஓடினேன். எதிர்ப் பேக்கரியில் டீயும் பப்ஸும் வாங்கிக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். போன் அடித்தது.

"ஏன்னா, எங்க இருக்கேள்?"

"ஆபீஸ்ல. மீட்டிங்."

"மீட்டிங் பேக்கரியிலயா? கொஞ்சம் மேல பாருங்கோ."

மாடி ஜன்னலில் எங்கள் தெரு மாமிகள் பன்னிரண்டு பேர். நடுவில் பத்மஜா. பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருத்தர்.

"யாரடி அது?"

"அனில் சார். மாமிகளுக்கு போன் பிரைவசி கிளாஸ் எடுக்கறார். போனைக் கவுத்து வைக்கறது முதல் பாடம். நம்மளை யார் பின்தொடர்றான்னு கண்டுபிடிக்கறது இன்னிக்குப் பாடம். என் போன்தான் உதாரணம். குடும்பம்னு போட்டா நீங்களும் அதில சேத்தி, உங்க புள்ளியும் என் போன்ல தெரியுமே? பத்து நாளா உங்க புள்ளியை நானும் பாத்துண்டுதான் இருக்கேன்."

"அப்போ அவர் மெசேஜுக்கு ஏன் சிரிச்சே?"

"'ஆத்துக்காரரே போனைப் பத்திரம் பண்ணித் தரேன்னு வருவார், ஜாக்கிரதை'ன்னு எழுதியிருந்தார். சிரிக்காம என்ன பண்றது?"

பார்வையைத் தாழ்த்திப் பப்ஸை ஒரு கடி கடித்தேன்.

"சரி, கடிச்ச பப்ஸ்லேர்ந்து முட்டை வெளில எட்டிப் பாக்கறது, மாமிகள்ளாம் பாக்கறா. சட்டுனு முழுங்கிட்டு மேல வாங்கோ, அடுத்த பாடத்துக்கு உங்க போன் வேணுமாம்."