மாப்பிள்ளை பெயர் மஸ்தான்

“மாப்பிள்ள பேரு இன்னான்னு சொன்னீங்க?” என்று சுப்பிரமணி மறுபடியும் கேட்டார்.

தரகர் கோபால்சாமி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். இந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்றுதான் மலை ஏறும்வரை பஸ்ஸில் மழையையும் சாமை விளைச்சலையும் பற்றியே பேசிக்கொண்டு வந்திருந்தார்.

“மஸ்தானுங்க” என்றான் மாப்பிள்ளை, தானே முந்திக்கொண்டு.

சுப்பிரமணி சந்தவாசலில் மளிகைக் கடை வைத்திருப்பவர். அவர் குடும்பம் ஒரு தலைமுறைக்கு முன் இதே ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிப் போனதுதான். மகள் நீலாவதிக்காக மாப்பிள்ளை வீடு பார்க்கத் தன் அக்கா சுந்தரம்மாளோடு வந்திருந்தார். அக்கா சமையல்கட்டைப் பார்க்க உள்ளே போயிருந்தாள். அது எழுபத்தொன்பதாம் வருஷத்து மாசி மாதம். புளி உலுக்கும் சமயம். வீடு அவருக்குப் பிடித்திருந்தது. வீட்டைச் சுற்றி நின்ற புளியமரங்கள் இன்னும் அதிகமாகப் பிடித்திருந்தன.

“பாயுங்களா நீங்க?”

“சேச்சே, நம்ம ஆளுங்கதான்” என்று கோபால்சாமி குறுக்கே விழுந்தார். “அது சும்மா கூப்புடற பேரு. நெசப் பேரு சக்கரவர்த்தி.”

மஸ்தான் தரகரையே பார்த்தான். இப்படியொரு பெயர் தனக்கு இருப்பது இருபத்தெட்டு வயதில் அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“நல்ல பேரு. சக்கரவர்த்தி, நெலம் எத்தினி ஏக்கரு?”

வேறு யாரையோ கேட்கிறார் என்று மஸ்தான் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னாங்க, புள்ளைக்குக் காது கேக்காதா?”

“வெக்கம்” என்றார் கோபால்சாமி.

அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து அவன் அம்மா மங்கம்மாளின் குரல் வந்தது. “மஸ்தானு, கொடத்துல தண்ணி இல்ல பாரு.”

“இதோ வர்றேம்மா” என்று அவன் துள்ளி எழுந்தான்.

“காது நல்லாத்தான் கேக்குது” என்றார் சுப்பிரமணி. “ரெண்டு பேரு வெச்சிக்கினு திரியறவங்கள எங்க ஊர்ல போலீஸ்தான் தேடும்.”

மஸ்தான் அப்படியே நின்றான். போன ஆடித் திருவிழாவில் வளையல் கடையில் நீலாவதியைப் பார்த்ததிலிருந்து வேறு பெண் பார்க்க அவன் சம்மதிக்கவில்லை. ஆனாலும் பொய்ப் பெயரில் தாலி கட்ட அவனுக்கு மனம் வரவில்லை.

“எம் பேரு மஸ்தான்தாங்க. எனக்கு முன்னாடி பொறந்த ரெண்டும் தங்கல. எங்கம்மா கீழ தர்காவுல வேண்டிக்கினு இந்தப் பேரு வெச்சிது. அதனாலதான் நான் தங்கினேன்னு நம்புது. நீங்க பொண்ணு குடுக்கலன்னாலும் இத மாத்த மாட்டேங்க.”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

சுப்பிரமணி சற்று இளகினார். “அது சரி, அர்த்தம் இன்னா? நல்ல அர்த்தமா இருந்தா சொந்தக்காரங்ககிட்ட சொல்லி சமாளிச்சிக்கலாம்.”

கோபால்சாமிக்கு உயிர் வந்தது. மரத்தடியில் புளி எடை போட்டுக்கொண்டிருந்த திருப்பத்தூர் வியாபாரி தஸ்தகீர் பாயைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். “பாய், மஸ்தான்ற பேருக்கு அர்த்தம் சொல்லுங்க. நல்லதா சொல்லுங்க.”

பாய் மகிழ்ந்துபோனார். யாரும் அவரிடம் புளி விலை தவிர வேறெதுவும் கேட்டதில்லை. “அது பார்சி பாஷைங்க. மஸ்துன்னா போதை. மஸ்தான்னா போதையில கெடக்கறவரு.”

சுப்பிரமணி எழுந்துவிட்டார். “குடிகாரனா?”

“ஐயய்ய, சாராயம் இல்லீங்க. ஆண்டவன் மேல வெச்ச அன்புல மயங்கி, வூடு வாசல், பொண்டாட்டி புள்ள எல்லாத்தையும் மறந்து காட்டுல போய் ஒக்காந்துக்கற மகான்.”

“பொண்டாட்டி புள்ளய மறந்துடுவாரா?” சுப்பிரமணி துண்டை உதறித் தோளில் போட்டார். “இங்க காடு வேற பக்கத்துலயே இருக்குது.”

பாய்க்குத் தான் செய்த காரியம் மெல்லப் புரிந்தது. “இருங்க, எல்லாப் பேருக்கும் ஒரு அர்த்தம் இருக்குது. எம் பேரே பாருங்க, தஸ்தகீர். கைகுடுத்துத் தூக்கி வுடறவருன்னு அர்த்தம்.”

“நீங்க தூக்கி வுட்டது போதும் பாய், போய் புளியப் பாருங்க” என்றார் கோபால்சாமி.

மஸ்தான் யாரையும் பார்க்காமல் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டான். அவனுக்கு இப்போது கிணற்றடிக்குப் போய்விட்டால் போதும் என்றிருந்தது.

“அக்கா, கெளம்பு” என்று சுப்பிரமணி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “பேரு சரியில்லாத எடத்துல பொண்ண குடுத்துட்டு நாளைக்குக் கடையில நான் எப்படித் தலநிமிந்து ஒக்கார்றது?”

சுந்தரம்மாள் வெளியே வந்தாள். அவள் பின்னால் மங்கம்மாள் கண்ணைத் துடைத்தபடி நின்றாள். சுந்தரம்மாள் கிளம்பவில்லை. விரித்திருந்த பாயில் நன்றாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“ஒக்காருடா பக்கிரி. அதே தர்காவுலதான் நம்ம அம்மா உனக்குப் பிச்சக்காரன்னு அர்த்தம் வர்ற பேர வெச்சிது. கடை போர்டுல சுப்பிரமணின்னு நீயா எழுதிக்கினா ஆச்சா?”