கருங்குரங்கு சம்ரக்ஷண சங்கத்தாரின் தொண்டை

பாளையங்கோட்டையில் 1912ம் வருஷம் கருங்குரங்கு சம்ரக்ஷண சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. அதற்கு நாலு வருஷம் முன்னால் திருநெல்வேலியில் பேச்சு அதிகமாகி, பலர் ஜெயிலுக்குப் போனார்கள். அதன் பிறகு பேசவும் பயந்து, பேசாமல் இருக்கவும் முடியாமல் ஜில்லாவின் பிரசங்கிகள் மிகவும் கஷ்டப்பட்டார்கள். சுதேசித் துணியைப் பற்றிப் பேசினால் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் போலீஸ்காரர் பென்சிலை எடுத்தார். குளத்து மராமத்தைப் பற்றிப் பேசினாலும் எடுத்தார். ஒருவர் குரங்கைப் பற்றிப் பேசியபோது மட்டும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தூங்கிவிட்டார். ஆகவே குரங்கைக் காப்பாற்றுவது என்று பெரியோர்கள் முடிவு செய்தார்கள்.

இந்தக் கருங்குரங்கு பாபநாசத்துக்கு மேலே மலைச் சோலைகளில் இருப்பது. நாட்டுக் குரங்கைப் போல் கோவிலுக்கு வந்து தேங்காய் பிடுங்காது. மனுஷனைக் கண்டால் ஓடிவிடும். ஓடியும் தப்பவில்லை. அதைக் கொன்று லேகியம் கிண்டித் தின்றால் இருமல், இளைப்பு, தொண்டைக் கட்டு மூன்றும் போகும் என்று அதற்கு ஒரு கீர்த்தி உண்டு.

சங்கத்தின் அக்கிராசனர் ஆவுடைநாயகம் பிள்ளை, ரிடையரான தாசில்தார். முட்டை என்ற சொல் காதில் விழுந்தாலே வாய் கொப்பளிக்கிற சைவர். காரியதரிசி நேசையா, மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். கருங்குரங்கை நேரில் பார்த்த அங்கத்தினர் அவர் ஒருவர்தான். லீவு நாட்களில் மலைக்குப் போய், காரையாற்றுக்கு மேலே ஒரு சோலையில் உட்கார்ந்து எண்ணுவார். முதல் வருஷம் முப்பத்தொன்று. மறு வருஷம் பதினேழு. பதினேழில் இரண்டு செம்பட்டைக் குட்டிகள். அந்தப் பதினேழும் உயிரோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நோக்கம் கிடையாது. சங்கத்தில் இப்படிப்பட்ட குறையுள்ளவர் அவர் மட்டுமே.

சனிக்கிழமைதோறும் கூட்டம் நடந்தது. ஜீவகாருண்யத்தைப் பற்றி ஐந்து பேர் முறை வைத்துப் பேசினார்கள். மூன்றாவது மாதத்தில் ஐந்து தொண்டைகளும் கட்டிப் போயின. ஒரு சனிக்கிழமை கூட்டம் முடிந்ததும் பிள்ளை மடியிலிருந்து ஒரு டப்பியை எடுத்து, கறுப்பாக ஒரு உருண்டை உருட்டினார்.

"அண்ணாச்சி, அது என்னது?" என்றார் நேசையா.

"மருந்து வே. டவுன் வைத்தியர் சங்கரநயினார் குடுத்தாரு. கருங்குரங்கு லேகியம்."

"அண்ணாச்சி! நாம யாரைக் காப்பாத்துதோம்?"

"உயிரோட இருக்கதை. இது உயிரோடயா இருக்கு?"

"நீங்க சைவம்லா?"

"கறியாத் தின்னாத்தான்வே தோஷம். இது நெய்யும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டினது. மருந்துக்கு ஏதுவே சைவம் அசைவம்?"

"இருந்தாலும் குரங்கைப் போய்…"

"குரங்குக்காகப் பேசித்தான் எனக்குத் தொண்டை கட்டிச்சு. வைத்தியச் செலவை மட்டும் நான் ஏத்துக்கிடணுமோ?"

பிள்ளை உருண்டையை வாயில் போட்டு, வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் அவர் குரல் மணியாக ஒலித்தது. மறுவாரம் ஐந்து பேர் மடியிலும் டப்பி இருந்தது.

இதற்கிடையில் சங்கத்தார் சர்க்காருக்கு அனுப்பிய மகஜருக்கு எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. விஷயம் தகுந்த கவனத்தைப் பெறும் என்று அதில் கண்டிருந்தது. அந்தக் கவனத்தைக் கொடுக்க வந்தவர் காட்டிலாகா ரேஞ்சர் சிவசைலம்.

"உங்க குரங்கு எங்க காட்டுச் சரக்கு அட்டவணையில இல்லையே வாத்தியாரே. தேன் இருக்கு, மெழுகு இருக்கு, கடுக்காய் இருக்கு, மான்கொம்பு இருக்கு. குரங்கு இல்லை. சர்க்காருக்கு இல்லாததை நான் எப்படிக் காக்க?"

"மரத்துல இருக்கே."

"மரம் இருக்கு. அட்டவணையில மரம் உண்டு. மேல உக்காந்திருக்கதைக் காக்க எனக்கு அதிகாரம் இல்லை."

"அப்போ அட்டவணையில சேத்துருங்க."

"சேத்துட்டா ஒரு பய தொட முடியாது. குத்தகைதாரனைத் தவிர."

"குத்தகைதாரனா?"

"அட்டவணையில உள்ளதையெல்லாம் வருஷா வருஷம் ஏலம் விட்டுக் குத்தகைக்குக் குடுக்கணும்லா? அதுதானேவே ரூலு."

நேசையா வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் சங்கத்தின் மகஜர் ஏற்கெனவே மேலே போயிருந்தது. மேலே போன காகிதம் உத்தரவாகக் கீழே வரும். மகஜராகத் திரும்பி வந்ததில்லை. இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. கருங்குரங்கு அட்டவணையில் கடுக்காய்க்கு அடுத்தபடி சேர்ந்தது. சங்கத்தார் சர்க்காருக்கு வந்தனம் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றினார்கள். ஐந்து பேரும் பேசினார்கள்.

நேசையா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ரேஞ்சரைத் தேடிப் போனார்.

"அண்ணாச்சி, குத்தகை எடுத்தவன் கொன்னுதான் ஆகணும்னு ரூலு இருக்கா?"

ரேஞ்சர் ரூல் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "இல்லை. கடுக்காயைப் பொறுக்காமப் போட்டாலும் சர்க்கார் கேக்காது. குத்தகைப் பணம் வந்தாப் போதும்."

"அப்போ சங்கமே எடுத்துட்டா?"

"எடும். உம்ம குரங்கு, உம்ம பாடு."

ஆகவே சங்கமே ஏலத்தில் கேட்பது என்று முடிவாயிற்று. நேசையா முதல் தடவையாக ஒரு நிபந்தனை போட்டார். ஏலம் முடிகிறவரை ஒருவரும் லேகியத்தைத் தொடக் கூடாது. குரங்குக்காகப் பணம் கேட்கிற வாயில் குரங்கு இருப்பது அழகல்ல என்றார். எல்லோரும் சத்தியம் செய்தார்கள். டப்பிகளைப் பிள்ளை தம் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, நாங்குநேரி என்று ஊர் ஊராகப் போய், ஒரு நாள்கூட விடாமல் பேசி வசூல் செய்தார்கள். நேசையா பகலில் பள்ளிக்கூடத்திலும் சாயங்காலம் சங்கத்திலும் பேசினார். ஏலத்தில் எதிர்த்துக் கேட்கக்கூடியவர் டவுன் வைத்தியர் ஒருவர்தான்; அவரால் கேட்க முடியாத தொகை சேர்ந்தது. அதோடு ஐந்து பிரசங்கிகளுக்கும் காரியதரிசிக்கும் குரல் என்பதே இல்லாமல் போயிற்று.

பாபநாசத்தில் ஆற்றங்கரை மருத மரத்தடியில் ரேஞ்சர் மேஜை போட்டு ஏலம் விட்டார். தேன் போயிற்று. கடுக்காய் போயிற்று. அடுத்தது கருங்குரங்கு. வைத்தியர் சங்கரநயினார் எழுந்து, கணீரென்று அறுபது ரூபாய் கேட்டார்.

நேசையா வாயைத் திறந்தார். காற்று வந்தது.

"ஒரு தரம்," என்றார் ரேஞ்சர்.

நேசையா பணப்பையைத் தூக்கிக் காட்டினார். விரல்களை விரித்து எண்பது, தொண்ணூறு, நூறு என்று காட்டினார்.

"வாத்தியாரே, வாயால கேக்கணும். கையைத் தூக்கினா சலாம்னுதான் எடுத்துக்கிடுவேன்."

நேசையா காகிதத்தில் எழுதி நீட்டினார்.

"எழுத்து மூலமா கேக்கதுன்னா சீல் வச்ச கவர்ல பதினஞ்சு நாள் முன்னாடி வந்திருக்கணும். ரெண்டு தரம்."

அக்கிராசனர் உதவிக்கு எழுந்தார். அவரிடமும் காற்றே இருந்தது. சங்கரநயினார் மோசமான மனுஷர் அல்ல. எதிராளி தவிப்பதை அவரால் பார்க்க முடியவில்லை. இடுப்பிலிருந்து டப்பியை எடுத்துத் திறந்து நேசையாவிடம் நீட்டினார்.

"ஒரு சுண்டைக்காய் அளவு போட்டுக்கிடும்வே. குரல் மணி மாதிரி வரும்."

நேசையா டப்பியைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். ரேஞ்சரும் தயவு பண்ணிக் கொஞ்சம் நிறுத்தினார். ஒன்று ஏற்கெனவே செத்தது. அங்கே பதினேழு உயிரோடு இருக்கின்றன. நேசையா கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலால் வழித்து வாயில் போட்டு விழுங்கினார். கண்ணில் நீர் வந்தது. கேட்பதற்காக வாயைத் திறந்தார்.

வைத்தியர் பதறிப் போய் அவர் வாயைப் பொத்தினார். "அய்யய்யோ, பேசிராதேயும்! தின்னா நாளைக் காலை வரைக்கும் வாய் திறக்கப்படாது. அது பத்தியம்லா! பேசினா மருந்து பலிக்காது."

"மூணு தரம்," என்றார் ரேஞ்சர்.

மறுநாள் காலையில் நேசையாவின் குரல் முன் எப்போதும் இல்லாத தெளிவோடு வந்தது. ஏலம் கைவிட்டுப் போனதற்காகச் சங்கத்தார் கூட்டிய அனுதாபக் கூட்டத்துக்கு ஊர் முழுக்கத் திரண்டிருந்தது. நேசையா எழுந்து ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

"நேத்து நான் ஒரு நாள் பேசாம இருந்தேன். அதுனாலதான் குரல் வந்துச்சு. லேகியத்துனால இல்ல. நம்ம அத்தனை பேருக்கும் மருந்து வாயை மூடிக்கிட்டு இருக்கதுதான். அந்த உசுருகளை விட்டுருங்க."

கடைசி வரிசை வரை ஒரு எழுத்து விடாமல் கேட்டது. ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன குரல் பாத்தீரா வே!"

"நேத்து மூச்சுகூட வரலை. ஒரே வேளை மருந்து!"

போலீஸ்காரர்கூட எழுந்து, பென்சிலை எடுத்து, வைத்தியரின் விலாசத்தைக் குறித்துக்கொண்டார்.

கார்த்திகை முடிவதற்குள் குத்தகைச் சரக்கு மலையிலிருந்து இறங்கிவிட்டது. டிசம்பர் லீவில் நேசையா சோலைக்குப் போய்விட்டு வந்தார். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. சங்கத்தின் வருஷாந்தர அறிக்கையில், உத்தரவு வந்த நாள் முதல் கருங்குரங்கு விஷயமாக ஒரு குற்றமும் பதிவாகவில்லை என்று திருப்தி தெரிவிக்கப்பட்டது.

தை மாதம் ஒரு நாள் வைத்தியர் கடை வாசலில் பெரிய கூட்டம். முன்னால் அக்கிராசனர் நின்றார். அவருக்குப் பின்னால் வக்கீல்கள், உபதேசியார்கள், ஓதுவார்கள், வாத்தியார்கள், பேச்சுக் கேட்கப் போய்ப் பேசப் பழகிக்கொண்ட பொதுஜனங்கள். எல்லோருக்கும் தொண்டை கட்டியிருந்தது. சங்கரநயினார் காலி ஜாடியைக் கவிழ்த்துக் காட்டினார்.

"மலையில சரக்கு இல்லை அண்ணாச்சி. ஒண்ணுகூட இல்லை."

ஆவுடைநாயகம் பிள்ளை மெத்த வருத்தப்பட்டார். பிறகு கிட்டப் போய்க் கரகரத்த குரலில் கேட்டார்.

"மலையில வரையாடு இருக்கே, அது தொண்டைக்கு ஆகுமாவே?"

வைத்தியர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவர் வாயைப் பார்த்தது.

"ஆகும்," என்றார். "பத்தியம் மட்டும் தப்பப்படாது."