போறணை அண்ணனும் புளித்த பீப்பாயும்

மஸ்கெலியா பக்கத்தில் மனிதனைவிட மீனுக்கு நல்ல சாப்பாடு போட்ட ஒரே ஆள் போறணை அண்ணன்தான். இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. எழுபதுகளின் கடைசியில், இலங்கைத் தேயிலை மலையில் நடந்த கதை. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

டவுன் பேக்கரியில் போறணை அடுப்புக்கு முன்னால் நின்று பாண் ரொட்டி சுட்டவர். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயரை அவர் மனைவியே மறந்திருப்பார். மனைவி எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுத்ததால் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் குடியிருந்தார். லயத்துக்குப் பின்னால், தோட்டம் கைவிட்ட ஒரு கல் தொட்டி, சின்னக் குளம் மாதிரி கிடந்தது. அதில் ஜப்பான் மீன் என்று நாங்கள் சொல்லும் திலாப்பியாக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார். அதோடு நிறுத்தியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

பேக்கரியில் மிஞ்சும் ஈஸ்ட்டை ஈரத்துணியில் சுற்றி, கோட்டுக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுவருவார். தவிடு, கருப்பட்டி, எருமைத் தயிர் எல்லாவற்றோடும் அதைத் தொட்டியோரத்தில் ஒரு பீப்பாயில் கரைத்து மூடிவைப்பார். புளித்ததும் இன்னும் கொஞ்சம் தவிட்டில் பிசைந்து, உருண்டை பிடித்து மீனுக்குப் போடுவார். எங்கள் வீட்டுக்குத் தயிர்ச்சட்டி தீபாவளிக்குத்தான் வரும். அவருடைய மீனுக்கு வாராவாரம்.

"என்னாத்துக்குண்ணே மீனுக்கு ஈஸ்ட்டு?" ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், கேட்டுத்தானே தெரிந்துகொள்ள வேண்டும்.

"பாண் மாவு எதுல பொங்குது தம்பி?"

"ஈஸ்ட்டுல."

"மீனும் பொங்கும்."

"தயிரு?"

"அது வயித்துக்கு. வயிறு நல்லா இருந்தாத்தான் திங்கிறது ஒடம்புல ஒட்டும். ஒன்னயப் பாரு, கவலப்பட்டே வயித்தக் கெடுத்துக்கிட்டு வெறகுக் குச்சியாட்டம் நிக்கிற."

கவலைப்படாமல் எப்படி இருப்பது? தங்கச்சிக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். சம்பந்தி இறம்பொடைக்காரர். இறைச்சி தொடமாட்டார், மீன் என்றால் உயிர். கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் மீன் இல்லையென்றால் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவார், அந்தப் பேச்சைத் தங்கச்சி காலமெல்லாம் கேட்க வேண்டும். கடல்மீனோ எங்கள் மலைக்கு ஏறி வருவதற்குள் கண் வெளுத்துவிடும். "நான் தர்றேன் தம்பி. ஒவ்வொண்ணும் பாண் தண்டி இருக்கும்" என்று வாக்குக் கொடுத்தார் போறணை அண்ணன். அன்றிலிருந்து அவர் மீன் தும்மினாலும் எனக்குத் தூக்கம் போய்விடும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் வந்தது வினை. பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர் பெரட்டுக்குப் பேர் கொடுக்க வரவில்லை. பீப்பாயின் வாடையைப் பிடித்துக்கொண்டு போய், கசிப்புச் சாராயம் என்று நினைத்து ஒரு செம்பு மொண்டு குடித்துவிட்டு, கக்கூசை விட்டு வெளியே வர முடியாமல் இருந்தார். ஆளைக் காணோமே என்று விசாரித்த கண்டாக்கு, எங்களை வேலை வாங்கும் தோட்டத்து அதிகாரி, நேரே பீப்பாய்க்கு வந்துவிட்டார்.

"என்னாடா இது?"

"மீனுக்குச் சாப்பாடுங்கய்யா. வயித்துக்கு நல்லதுங்க."

"எத்தன நாளா ஒன் மீனுக்கு வயித்துவலி?"

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தந்த உற்சாகத்தில் கண்டாக்கு ஒரு உதை விட்டார் பாருங்கள், பீப்பாய் உருண்டு அவ்வளவும் தொட்டிக்குள் கொட்டிவிட்டது. ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்திருக்கக் கூடாதா? காலில் சப்பாத்து இருந்தால் கண்டதையெல்லாம் உதைக்கலாமா?

மறுநாள் பந்தலில் மேளம் தொடங்கும் நேரம், தொட்டியிலிருந்த மீன் அத்தனையும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"வெறியில ஆடுதுங்க" என்றார் பக்கத்துக் காம்பராக்காரர், கூடவே உட்கார்ந்து குடித்தவர் மாதிரி.

கல்யாணத்துக்கு வந்திருந்த கண்டாக்கு, "இப்ப சொல்லு, இது கசிப்பு இல்லையா?" என்றார்.

போறணை அண்ணன் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. போறணைக்குள் பாண் தள்ளும் நீளக் கட்டையோடு தொட்டியில் குதித்தார். "வெறியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கொட்டுனது கூடிப்போயி மூச்சு முட்டுது. பீலியில விழுற தண்ணிய இங்கிட்டுத் திருப்புங்கடா. தண்ணிக்குள்ள காத்து ஏறணும், எறங்கித் தட்டுங்க."

அந்தக் குளிரில் யார் இறங்குவார்கள்? நான் இறங்கினேன். விருந்து என்னுடையதல்லவா? புது வேட்டியோடு, இடுப்பளவு புளித்த தண்ணீரில் நின்று கம்பால் அடித்துக்கொண்டிருக்கிறேன். பந்தலில் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட மச்சானாகிய என்னைத் தேடுகிறார்கள். தேடி வந்தவர் வேறு யாருமில்லை, சம்பந்தி.

"என்னா தம்பி பண்றீங்க?"

"நாளைக்கு ஒங்களுக்கு வச்ச மீனு மாமா. மூச்சு முட்டுது."

சம்பந்தி மீனைப் பார்த்தார். ஒரு மீன் வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்தது. வேட்டியை மடித்துக் கட்டினார். "கம்பக் குடுத்துட்டுப் போயி மோதிரத்தப் போடுங்க. தாலி கட்டுற வரைக்கும் நான் தட்டுறேன்."

சம்பந்தியே இறங்கிய பிறகு லயத்து ஆம்பிளைகள் கரையில் நிற்க முடியுமா? கண்டாக்கு மட்டும் குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஈரக்கையோடு, புளித்த மாவு வாடையோடு மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்ட மச்சான் இந்த மலைநாட்டில் நான் ஒருவன்தான்.

மத்தியானத்துக்குள் மீன்கள் கீழே இறங்கிவிட்டன. மறுநாள் விருந்தில் சம்பந்தி இலையை வழித்து முடித்து நிமிர்ந்தபோது, எதிரே போறணை அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"பொங்கியிருக்குங்களா?"

அவ்வளவுதான் கேட்டார். என் வேட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிற்பாடு ஒப்பந்தத்தில் பேர் வந்து, குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். போகிற அன்று அந்தப் பாண் கட்டையை எங்கள் வாசலில் சாத்திவைத்து, "தொட்டியப் பாத்துக்க தம்பி" என்றார். எனக்கு இருக்கிற கவலை போதாதா?

இன்றைக்கும் எங்காவது தண்ணீரில் ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் என் கை தன்னால் கட்டையைத் தேடுகிறது. அவர் மேல் எனக்கிருக்கும் கோபத்தை நான் ஆற விடுவதே இல்லை.