மூன்று முறை கை தட்டினேன்

என் ஆய்வேட்டை இந்த உலகத்தில் முழுதாகப் படித்தவன் நான் ஒருவன்தான் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனது.

பல கம்ப்யூட்டர்கள் ஒரே அலைவரிசையைப் பங்கு போட்டுக்கொண்டால் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது என் ஆய்வு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேசலாம். இரண்டு சேர்ந்து பேசினால் இரண்டும் பாழ். ஆளுக்கொரு நேரம் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். அளவு மீறினால் மறுபடி அனுப்புவதே நெரிசலாகி, எதுவுமே போய்ச் சேராது. அந்த நிலையை நாலாம் அத்தியாயத்தில் வரைபடமாகப் போட்டு, கீழே 'நடைமுறையில் நிகழாது' என்று எழுதியிருந்தேன். (என்ன திமிர்!)

அறந்தாங்கிப் பக்கம் ஒரு கல்லூரியில் அப்போது ஏழு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளன். நிரந்தர வேலைக்கான நேர்காணலில், ஆய்வைச் செய்து காட்டச் சொன்னார்கள். லேபில் நாற்பது மாணவர்கள், நாற்பது கம்ப்யூட்டர், ஒரே வைஃபை பெட்டி. என்டர் தட்டினால் ஆளுக்கொரு செய்தி முன்னாலிருந்த பெரிய திரைக்கு வந்து சேர வேண்டும்.

முதல்வர் என் காதோரம் வந்தார். "பிள்ளைங்க ஆளாளுக்குத் தட்டுனா பாக்க நல்லாருக்காது சார். ஒண்ணா தட்டச் சொல்லுங்க."

ஊரில் வேறு யார் தலையாட்டியிருந்தாலும் மன்னிக்கலாம். நான் ஆட்டினேன்.

"நான் கை தட்டுனதும் எல்லாரும் ஒண்ணா என்டர் தட்டணும், சரியா?"

"சரிங்க சார்!" அதையும் ஒன்றாகவே சொன்னார்கள்.

தட்டினேன். திரையில் பாதிச் செய்திகூட வரவில்லை. மறுபடி தட்டினேன். எல்லாம் நின்றது. கடைசி வரிசையிலிருந்து அஸ்மா எழுந்தாள்.

"சார், நாங்க முன்ன பின்ன தட்டிப் பாக்கவா?"

"பேசாம ஒக்காரும்மா!" என்று அதட்டிவிட்டு மூன்றாவது முறையும் தட்டினேன். (இன்னும் பலமாக.) நாலாம் அத்தியாயத்து வரைபடம் அப்படியே திரையில் படுத்துக் கிடந்தது.

நேர்காணலுக்குத் திருச்சியிலிருந்து வந்திருந்த நிபுணர் அம்மா என் ஆய்வேட்டை மூடினார். "நீங்க எழுதுனது சரியாத்தான் இருக்கு தம்பி. நீங்கதான் படிக்கலை போல."

வேலை வேறொருவருக்குப் போனது. நான் இன்றும் தற்காலிகம்தான். முதல்வர் சொன்னார் என்று பழியை அவர்மேல் போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

போன மாதம் பள்ளி ஆண்டு விழாவில் என் மகளுக்குக் கணக்கில் முதல் பரிசு. அரங்கமே கை தட்டியது. நானும் கையைத் தூக்கினேன். பக்கத்திலிருந்த மனைவி இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சும்மா இருங்க. புள்ளைக்குக் குடுத்ததைத் திருப்பி வாங்கிறப் போறாங்க."

வரிசையே சிரித்தது. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.