ஆறு மணிக்குக் கிளம்பாத கார்

ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குக் கார் மறுபடியும் மாட்டேன் என்றுவிட்டது.

கண்ணாடிக்காரர் பட்டனை அழுத்தினார். திரையில் ஒரு சாவிப் படம் வந்தது. அதன் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. இன்னொரு தடவை அழுத்தினார். அதே சாவி, அதே கோடு. எஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லை. முப்பது வருஷமாக மூக்குக் கண்ணாடிக் கடை வைத்து ஊரார் கண்ணையெல்லாம் சோதித்தவர் அவர். இந்தக் காரில் மட்டும் என்ன கோளாறு என்று அவர் கண்ணுக்கு எதுவும் பிடிபடவில்லை.

"இன்னைக்குமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் ஆஸ்பத்திரிக் காவலாளி.

"இன்னைக்கும்தான்."

"மூணாவது நாள்."

"எண்ணிக்கிட்டு வேற இருக்கீங்களா?"

"பின்ன? நாள் பூரா கேட்டைத் திறந்து மூடறவனுக்குப் பொழுது போக வேண்டாமா? சரி, மேல போய் உட்காருங்க பெரியவரே. இழுவை வண்டி வந்ததும் கூப்பிடறேன்."

அந்த ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கும் நேரம் நாலு முதல் ஆறு வரை. ஆறு அடித்தால் ஓர் ஈயைக்கூட உள்ளே விடமாட்டார்கள். ஆனால் இழுவை வண்டி வர இரண்டு மணி நேரமாகும். வெளியே உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. காவலாளிக்கு இளகிய மனசு. அதனால் கண்ணாடிக்காரர் மறுபடி இரண்டாம் மாடிக்குப் படியேறினார்.

ஜன்னலோரக் கட்டிலில் அவர் மனைவி மடியில் தன் டச் போனோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, திரும்பி வந்துட்டீங்க?"

"சனியன் பிடிச்ச வண்டி கிளம்பலை."

"அடப்பாவமே" என்றாள் அவள். "உட்காருங்க. நாற்காலியை நர்ஸம்மா இன்னும் எடுக்கலை."

அவர் உட்கார்ந்தார். நாலிலிருந்து ஆறு வரைக்கும் மாத்திரை, ரத்தப் பரிசோதனை, டாக்டர் என்ன சொன்னார் என்பதிலேயே பேச்சு தீர்ந்துவிடும். ஆறுக்கு மேல் பேச அந்த விஷயமெல்லாம் மிச்சமிருக்காது. அதனால் மற்றதைப் பேசினார்கள். கல்யாணமான புதிதில் ரயிலில் தொலைத்த குடை கறுப்பா, நீலமா என்று அன்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள்.

"கறுப்பு" என்றார் அவர்.

"நீலம். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடற மனுஷனுக்கு நிறம் தெரியலை பாருங்க" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

எட்டு மணிக்கு இழுவை வண்டிக்காரர் வந்தார். காரில் ஏறிப் பட்டனைத் தொட்டார். எஞ்சின் சமர்த்தாகக் கிளம்பியது.

"சார், என்கூட விளையாடறீங்களா?" என்றார் அவர். வந்ததற்கு முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டார்.

கார் கிளம்பாததற்குக் கண்ணாடிக்காரர் இவ்வளவு பதறியதற்குக் காரணம் இருந்தது. இனி மருந்து கேட்காது என்று டாக்டர் போன வாரமே சொல்லிவிட்டார். "போனைக் கையிலயே வெச்சிருங்க. கூப்பிட்டா எந்நேரமானாலும் உடனே வந்துடணும்" என்றும் சொல்லியிருந்தார். ராத்திரி கூடத் தங்க அனுமதி இல்லை. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி இருபத்தைந்து கிலோமீட்டர். அவர் இருக்கும் ஒதுக்குப்புறத்துக்கு வாடகைக் கார் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கூப்பிடுகிற நேரத்தில் இந்தக் கார் காலை வாரிவிட்டால் அவள் தனியாகப் போய்விடுவாள்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனார். மெக்கானிக் கையில் ஸ்பானர் இல்லை, மடிக் கணினிதான் இருந்தது. ஒரு வயரை எடுத்துக் காரில் செருகினார்.

"பதினாலு கோளாறு காட்டுது சார்."

"ஐயையோ! இதுல எதனால கிளம்ப மாட்டேங்குது?"

"அது கம்ப்யூட்டருக்கே தெரியாது."

முதலில் சாவிக்குப் புது பேட்டரி போட்டார்கள். அன்று மாலை ஆறு மணிக்குக் கார் படுத்தது. அடுத்த நாள் கதவில் இருக்கும் ஏதோ ஒரு சென்சாரை மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக்.

"கதவுக்கும் எஞ்சினுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"பழைய கார்ல எஞ்சின் கெட்டா எஞ்சின் மட்டும்தான் கெடும் சார். இதுல எல்லாமே ஒண்ணுக்கொண்ணு பேசிக்குது. கதவு முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டா எஞ்சினும் கோவிச்சுக்கும்."

"கூட்டுக் குடும்பம்னு சொல்லு."

"அதேதான். யாரு முதல்ல சண்டையை ஆரம்பிச்சான்னுதான் கண்டுபிடிக்க முடியாது."

கதவு சென்சார் மாறியது. அதன் பிறகு பிரேக்கை மிதித்தால் பின்கண்ணாடி தானாக இறங்க ஆரம்பித்தது. அதைச் சரிசெய்ய, காரின் மூளை மாதிரியான பெரிய பெட்டி ஒன்றை மாற்றினார்கள். அது கடல் தாண்டி வந்த சாமான். அதன் விலையைக் கேட்டுக் கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ரசீதை மறுபடி படித்தார். விலை குறையவில்லை.

"என் முதல் காரையே இதைவிடக் குறைச்சலா வாங்கினேன்."

"அதுல இந்தப் பெட்டி கிடையாதே சார்."

கடைக்குப் புது சோதனை மெஷின் வாங்க வைத்திருந்த பணம் போயிற்று. பெட்டி மாறியதும் கண்ணாடி இறங்குவது நின்றது. பதிலுக்கு, இடது பக்கம் திரும்பினால் வைப்பர் ஓடியது. பக்கத்து இருக்கையில் யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பதாகக் கார் ஓயாமல் கத்தியது. அந்த இருக்கையில் ஒரு மாதமாக யாருமே உட்காரவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டு அவருக்குக் கண் கலங்கியது. கடைசியில் கையை நீட்டி வெறும் இருக்கைக்குப் பெல்ட்டை மாட்டிவிட்டார்.

இத்தனைக்கும் ஆறு மணிக் கதை மட்டும் மாறவில்லை.

"எங்க இடத்துல நல்லாத்தானே கிளம்புது?" என்று தலையைச் சொறிந்தார் மெக்கானிக். "ஆஸ்பத்திரில பெரிய ஸ்கேன் மெஷின் இருக்குல்ல? அதோட அலை அடிக்குதோ என்னமோ. கொஞ்சம் தள்ளி நிறுத்திப் பாருங்க."

அவர் இரண்டு தெரு தள்ளி நிறுத்தினார். முழங்கால் வலியோடு பத்து நிமிடம் நடந்து போய், ஆறு மணிக்கு மேல் பத்து நிமிடம் நடந்து வந்து, பட்டனை அழுத்தினார். சாவிப் படம், சிவப்புக் கோடு. மறுபடியும் பத்து நிமிடம் நொண்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவர் வருவதைப் பார்த்ததும் காவலாளி ஒன்றும் கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டார்.

"கார் எங்க? ஜன்னல்ல பார்த்தேன், காணோமே" என்றாள் மனைவி.

"இங்க ஸ்கேன் மெஷின் அலை அடிக்குதோன்னு மெக்கானிக் சொன்னாரு, ரெண்டு தெரு தள்ளி நிறுத்தினேன். அங்கயும் கிளம்பலை."

"அங்கயுமா!" என்று அவள் கண்ணை அகல விரித்தாள். "காலு ரொம்ப வலிக்குதா? நாளைக்கு இங்கயே நிறுத்துங்க. ஸ்கேனும் இல்லை, ஒண்ணும் இல்லை."

"வித்துத் தொலைச்சிடலாம்னு இருக்கேன்."

"சேச்சே, நல்ல காருங்க அது" என்றாள். "அதைத் திட்டாதீங்க."

ஆனால் நாளுக்கு நாள் அவள் குரல் மெலிந்துகொண்டே வந்தது. ஒரு நாள் நாலு மணியிலிருந்து ஆறு மணிக்குச் சற்று முன்பு வரை தூங்கிக்கொண்டேயிருந்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அந்தக் கையில் எடையே இல்லை. அன்றைக்கும் கார் கிளம்பவில்லை. மேலே போனபோது விழித்துக்கொண்டிருந்தாள். எட்டு மணிவரை பேசினாள்.

மறுநாள் பட்டறையில் கண்ணாடிக்காரர் உடைந்து போனார்.

"தம்பி, என் வீட்டுக்காரி அங்க தனியாக் கிடக்கா. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. கூப்பிட்டாங்கன்னா நான் போய் நின்னாகணும். நாற்பது வருஷம் கூட இருந்துட்டு, கடைசி நிமிஷத்துல கார் கிளம்பலைன்னு சொல்ல முடியுமா? என்ன செலவானாலும் சரி. இதைச் சரிபண்ணிக் குடுத்துடு."

மெக்கானிக் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அன்று மற்ற வண்டிகளையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, மூன்றரை மணி வரை இந்தக் காருக்குள்ளேயே கிடந்தார். வெளியே வந்தபோது சட்டை நனைந்திருந்தது.

"சார், இந்தக் கார்ல திருடன் எடுத்துட்டுப் போகாம இருக்க ஒரு வசதி வெச்சிருக்கான். எங்க இருந்தாலும் போன்லயே அழுத்திக் கிளம்பவிடாமப் பண்ணலாம். மறுபடி அழுத்தினா விட்டுடும். அதுல ஏதாவது கிறுக்குப் பிடிச்சிருக்கலாம்னு அந்தத் தொடர்பையே மொத்தமாத் துண்டிச்சுட்டேன். இனிமே சாவி இருந்தாக் கிளம்பும், அவ்வளவுதான்."

"என்கிட்ட இருக்கறது பட்டன் போன்தானேப்பா. அதுல பேசவே எனக்கு ஒழுங்காத் தெரியாது."

"இருக்கட்டும் சார். எதுக்கும் பண்ணி வெச்சேன். காசு வேண்டாம், போங்க."

அன்று மாலை அவள் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். ஆறு அடித்ததும் அவர் எழுந்தார்.

"இன்னைக்குக் கிளம்பிடும், பாரு."

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்று அவள் சிரித்தாள். "போயிட்டு வாங்க."

கீழே வந்து பட்டனை அழுத்தினார். எஞ்சின் உறுமியது. காவலாளி ஓடி வந்து கைதட்டினார். கண்ணாடிக்காரர் கார் ஜன்னலை இறக்கி இரண்டாம் மாடியைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஜன்னலில் அவளும் எழுந்து உட்கார்ந்து கையை என்னமோ வேகமாக அசைப்பது தெரிந்தது. அவளுக்கும் சந்தோஷம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

வழியில் இடது பக்கம் திரும்பினார். வைப்பர்கூட ஓடவில்லை. இனி எப்போது கூப்பிட்டாலும் போய்விடலாம். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. ஆனாலும் குடைச் சண்டை பாக்கியிருக்கிறதே என்று ஏனோ வெறிச்சென்றும் இருந்தது.

வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போது போன் அடித்தது. ஆஸ்பத்திரி எண். பட்டனை இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவைதான் எடுக்க முடிந்தது.

"ஐயா, நான் நர்ஸ் பேசறேன்."

"போயிட்டாளாம்மா?" என்று கேட்டார்.

"ஐயோ, அதெல்லாம் இல்லைங்க ஐயா. தினமும் ஆறு மணிக்கு அவங்க போன்ல அழுத்தினா கிளம்பாம நின்னுடற கார் இன்னைக்கு ஏன் நிக்கலைன்னு கேட்டு, நாற்காலியை எடுக்க விடாம அழுதுக்கிட்டே இருக்காங்க."