குடமும் வற்றியது

வீக்கத்தை ஊதியே வற்றவைக்கிறாராம் கயிற்றுச்சாமி. ஊரே அவர் வாசலில்தான். குடலிறக்க அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் காலை அகட்டி அகட்டி வரிசையில் நகர்ந்தார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் நாட்டிய ஒத்திகை என்றே தோன்றும்.

மூட்டை தூக்குபவரும் அந்த வரிசையில் நின்றார். தையல் இன்னும் ஆறவில்லை. கவட்டையில் வீக்கம். அது மெல்லத் தானாக வடியும், காய்ச்சலோ சிவப்போ கண்டால் உடனே வா, அதுவரை பளு தூக்காதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். தானாக வடிவதில் என்ன சுவாரஸ்யம்? சாமி வாக்குக் கொடுத்தால் நாளைக்கே வேலைக்குப் போகலாம். மனைவி கூடவே வந்திருந்தாள், கண்ணைச் சாமியின் கயிற்றிலேயே வைத்தபடி.

சாமி தன் கறுப்புக் கயிற்றை வீக்கத்தோடு சேர்த்துத் தொடையைச் சுற்றி, முனை தொட்ட இடத்தில் சுண்ணாம்பு வைத்தார். உஃப் என்று ஊதினார். மறுபடி சுற்றினார். முனை சுண்ணாம்பைத் தாண்டி இரண்டு விரற்கடை போயிற்று. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"வத்திடுச்சுப்பா. நாளைக்கே மூட்டையத் தூக்கு."

அவருக்கு உடம்பே பஞ்சாகிவிட்டது. மூலையில் கிடந்த அரிசி மூட்டையை இப்போதே ஒரு கை பார்க்கலாமா என்று குனியப் போனார்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் மனைவி. சாமி சுதாரிப்பதற்குள் கயிற்றைப் பிடுங்கி, வாசலில் தளும்பத் தளும்ப இருந்த எவர்சில்வர் குடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு வைத்தாள். "இப்ப நீங்க ஊதுங்க," என்றாள் புருஷனிடம்.

"நானா?"

"வாய் இருக்குல்ல? ஊதுங்க."

ஊதினார். அவள் கயிற்றை இழுத்துச் சுற்றினாள். குடமும் இரண்டு விரற்கடை வற்றியிருந்தது.

"குடம் வத்திடுச்சு சாமி. ஒரு சொட்டுத் தண்ணிகூட வெளிய வரலையே, எப்படி?"

கயிற்றின் முனையைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். உள்ளே ரப்பர்.

யாரோ சிரித்தார். பிறகு எல்லோரும். "அய்யோ, சிரிக்க வைக்காதீங்கம்மா, தையல் பிச்சுக்கும்," என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார் ஒரு கிழவர். அந்த அமளியில் சாமி பின்கட்டு வழியாக ஓடினார். துரத்தத்தான் ஆளில்லை, அத்தனை பேரும் அகட்டி நடப்பவர்கள்.

மூட்டை தூக்குபவர் மூட்டையை விட்டுத் தள்ளி நின்றார்.

"வீட்டுக்குப் போய்ப் படுங்க," என்றாள் மனைவி. "வீக்கம் தானா வடியும். இந்த முட்டாள்தனம் மட்டும் நாமளா அளந்து பாத்தாத்தான் வடியும்."